ஒரு நீலச் சுருள்

"நாலு மணிக்கு என் வேலை போயிரும்" என்று சொல்லிக்கொண்டே சுமைரா முதலுதவி அறைக்குள் நுழைந்தாள். அவள் கதவைத் தள்ளிய வேகத்தில் மேசைமேல் இருந்த டிஞ்சர் பாட்டில் ஆடியது.

ஸ்வீட்டி பாட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அடுத்தடுத்து நின்ற மூன்று பட்டாசு ஆலைகளுக்கும் அவள் ஒருத்திதான் நர்ஸ். எதற்கும் பதறமாட்டாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. சுமைராவின் கோபம் அவளுக்குப் புதிதில்லை.

"உக்காரு. அப்படி என்னத்தக் களவாண்ட?"

"ஓட்டு! நான் ஓட்டக் களவாண்டுட்டேனாம்!"

2007 பொங்கலுக்கு முன்னால் அறுபத்தோரு பெண்களையும் கம்பெனி செலவில் ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போவதாக மேனேஜர் வெள்ளைத்துரை அறிவித்திருந்தார். போட்டியில் இரண்டு பூங்காக்கள் இருந்தன. மதுரைக்கு அந்தப் பக்கம் அலைத்தீவு: செயற்கைக் கடலலை, நீர்ச்சறுக்கு. திருநெல்வேலிப் பாதையில் ஜாலிக்கோட்டை: ராட்டினம், பேய்வீடு, குட்டி ரயில். ஆலையின் கிளார்க்கான சுமைரா இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டாள். தூரம், சாப்பாடு, நிழல், கக்கூஸ், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் என்று பதினோரு வரிசை. அதை இரு பூங்காக்களின் விளம்பரத் தாள்களோடு அலுவலகச் சுவரில் ஒட்டினாள். பிறகு ஓட்டெடுப்பு. பின்னறையில் நீலச் சீட்டு ஒரு கட்டு, மஞ்சள் சீட்டு ஒரு கட்டு. ஒவ்வொருத்தியும் தனியாகப் போய் ஒரே ஒரு சீட்டை எடுத்துப் பூட்டிய தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். நீலம் அலைத்தீவு, மஞ்சள் ஜாலிக்கோட்டை.

"பெட்டியைத் தொறந்தா மஞ்சள் நாப்பத்திரெண்டு, நீலம் பத்தொம்பது" என்றாள் சுமைரா. "அந்த ஆளு ஏற்கெனவே அலைத்தீவுக்குப் போன் போட்டு, பொண்டாட்டி பிள்ளைக்கும் சொல்லியாச்சு. மூஞ்சி செத்துப்போச்சு. எல்லாரையும் வரிசையா நிறுத்தி, 'நீ எதுக்குப் போட்ட, நீ எதுக்குப் போட்ட'ன்னு கேட்டாரு. நாப்பத்தேழு பேரு அலைத்தீவுங்கறாக! 'சாவி உங்கிட்டதான இருந்துச்சு, நீதான் ஜாலிக்கோட்டை நல்லதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச'ங்கறாரு. நாலு மணிக்கு எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிடணுமாம்."

அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம் என்று தெருவே வந்து சொல்லியும் அவளைப் பெற்ற அத்தா அனுப்பிப் பட்டம் வாங்க வைத்தார். இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் 'மோசடி' என்று பேர் வாங்கினால் அடுத்த கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வது?

"அழப்போறியா?" என்று கேட்டாள் ஸ்வீட்டி.

"அழவா? அந்தாளு மேசையைப் புரட்டிப் போடணும்போல இருக்கு."

"சரி. அதுக்கு முன்னாடி சீட்டைப் பாத்துருவோம்."

பெட்டி வெள்ளைத்துரையின் அலமாரியில் இருந்தது. "தாராளமாப் பாருங்க சிஸ்டர்" என்று அவரே எடுத்து மேசைமேல் கொட்டினார். நிறம் வெளியிலேயே தெரிந்ததால் எண்ணும்போது யாரும் எந்தச் சீட்டையும் பிரிக்கவில்லை. எல்லாம் போட்டபடியே கிடந்தன.

ஸ்வீட்டி ஒன்றையும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து இரண்டு குவியலாக ஒதுக்கினாள். ஒரு குவியலில் நாலாக மடித்த சீட்டுகள். இன்னொன்றில் பென்சில் முனைபோல இறுகச் சுருட்டிய சீட்டுகள்.

"சுருள் இருபத்தொம்பது. அதுல இருபத்தெட்டு மஞ்சள், ஒண்ணே ஒண்ணு நீலம்" என்றாள் மெதுவாக. "காகிதக் குழல் சுத்துற செக்ஷன்ல எத்தனை பேரு?"

"இருபத்தொம்பது" என்றாள் சுமைரா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அடுத்து ஸ்வீட்டி சுவரருகே போனாள். அலைத்தீவின் விளம்பரத் தாளில் அலையும் சறுக்கும் பளபளவென்று இருந்தன. கீழ் மூலையில் மட்டும் குழல் ஒட்டும் மைதாப் பசை காய்ந்து விரல் விரலாக அப்பியிருந்தது. அங்கே சின்னதாக ஒரு சேலைப் படம். குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் அரைக்கை நைலான் உடை. அதற்குச் சரி அடையாளம்.

"உன் அட்டவணையில துணிக்கு ஒரு வரிசை இருக்கா?"

"துணியா? இல்ல. அதுல என்ன இருக்கு?"

ஸ்வீட்டி அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "இங்கன நைலான் போட்டுட்டு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புறோம், பொறி பறக்கும்னு. அங்கன பருத்தி போட்டுட்டுப் போனா தண்ணிக்குள்ள விடமாட்டாக. அரைக்கை நைலான்தான் போடணும். மத்தியானம் சாப்பிடுறப்ப எல்லாரும் சேலைக்கு மேல போட்ட சட்டையைக் கழட்டிக் கொடியில போடுதாக. இருபத்தொம்பது பேருல யாரு கழட்டமாட்டா?"

சுமைரா குழல் செக்ஷன் வரிசையை மனதுக்குள் ஓட்டினாள். சண்முகத்தாய். பழைய கம்பெனியில் குழலுக்குள் வெடிமருந்து செலுத்தும்போது வெடித்ததில் முதுகும் இரண்டு கையும் வெந்து, ஆறு மாதம் மதுரையில் கிடந்தவள். ஆம்பளைச் சட்டையின் முழுக்கைப் பொத்தானைச் சித்திரை வெயிலிலும் அவிழ்க்காதவள்.

"நாப்பத்தேழுல பத்தொம்பது போனா இருபத்தெட்டு" என்றாள் ஸ்வீட்டி. "வாயில அலைத்தீவுன்னு சொன்னதும் மஞ்சளைப் போட்டதும் அந்த இருபத்தெட்டுப் பேருதான். வரிசையில அவளும் நின்னா. 'ஏன் ஜாலிக்கோட்டை'ன்னு மேனேஜர் கேட்டா அவ முன்னாடி என்னன்னு சொல்லுவாக?"

"அப்ப வா, போய்ச் சொல்லுவோம்!"

"சொல்லலாம். உன் வேலை போகாது. அவ கையைப் பத்தி ஊரே பேசினப்புறம் நாளைக்கு அவ எப்படி வேலைக்கு வேன்ல ஏறுவா?"

கிளம்பிய சுமைரா நின்றுவிட்டாள். "சொல்லக்கூடாது" என்றாள். "ஆனா ஒத்துக்கவும் மாட்டேன். அந்த நீலச் சுருள் யாருது?"

"அதான் எனக்கும் பிடிபடல."

நாலு மணிக்கு எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினார். "படிச்ச புள்ள தப்பை ஒத்துக்கிட்டா நான் பெருசு பண்ணமாட்டேன்."

"பண்ணாத தப்பை ஒத்துக்கிட நான் படிக்கல சார்" என்றாள் சுமைரா.

ஸ்வீட்டி முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, கிளார்க்கு சீட்டை மாத்துனான்னா இந்தச் சுருளையும் அவதான் சுருட்டியிருக்கணும். இந்தா சுமைரா, ஒண்ணு சுருட்டு."

சுமைரா சுருட்டினாள். அது கையை விட்டதும் குடைபோல விரிந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வேணும்னே பண்ணுதா" என்ற வெள்ளைத்துரை தானே ஒரு சீட்டை எடுத்துச் சுருட்டினார். விரலிடுக்கிலிருந்து அது துள்ளித் தரையில் விழுந்தது. இப்போது சிரிப்பு வெளியே வந்தது.

"அண்ணாச்சிக்கு டிரெயினிங் வேணும்போல. எங்க செக்ஷனுக்கு வாங்க, ஒரு வாரத்துல பழக்கி விட்டுருவோம்" என்றாள் குழல் பகுதியின் கனகமணி. பேச்சோடு பேச்சாக அவள் விரல்கள் ஒரு சீட்டை உருட்டின. அது ஆணிபோல நின்றது. பெட்டியில் கிடந்த சுருள்களும் அப்படியேதான் இருந்தன.

"நாளெல்லாம் குழல் சுத்துற கை" என்றாள் ஸ்வீட்டி. "காகிதம் கிடைச்சா யோசிக்காமலே சுருட்டிரும். பேக்கிங் செக்ஷன் கை நாலா மடிக்கும். இருபத்தொம்பது பேரு, இருபத்தொம்பது சுருள். பெட்டியில ஒரு சீட்டுகூட மாறல."

வெள்ளைத்துரையின் முகம் சிறுத்தது. ஆனாலும் விடவில்லை. "அப்ப எங்கிட்ட ஏன் பொய் சொன்னாக? காரணத்தைச் சொல்லுங்க. இல்லைன்னா சந்தேகம் சந்தேகந்தான். புள்ள நாளைக்கு வரவேண்டாம்."

கனகமணி தலை குனிந்தாள். எல்லாருடைய கண்ணும் சுமைராவைச் சுற்றி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். சொல்லவில்லை.

"நான் சொல்லுதேன்."

கடைசி வரிசையிலிருந்து சண்முகத்தாய் முன்னால் வந்தாள். வெள்ளைத்துரையை அவள் பார்க்கவே இல்லை. கனகமணியைத்தான் பார்த்தாள்.

"அங்கன கை தெரியுற சட்டை போடணும். அது எனக்கு ஆகாதுன்னு இவளுக எல்லாம் கூடிப் பேசி மஞ்சளைப் போட்டிருக்காளுக. ஏ கனகமணி, என்னயக் கேட்டியா? ஒரு வார்த்த கேட்டியா?"

"யக்கா, நீ வெசனப்படுவன்னுதான்..."

"நான் ஆறு மாசம் வெந்து கெடந்தேன்டி. ராத்திரியும் பகலும் தண்ணியத்தான் நெனச்சுக் கெடந்தேன். மேல ஒரு சொட்டு ஊத்தவிடல. அலை அலையா வருதுன்னு சுவத்துல படத்தைப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த ஒத்த நீலம் நான் போட்டது."

சுமைராவுக்குக் காது சுட்டது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் வாயை இறுக்கி நின்றதைப் பெரிய தியாகம் என்று நினைத்திருந்தாள். அந்த இருபத்தெட்டுப் பேரோடு இருபத்தொன்பதாவது ஆளாகத் தானும்தான் சேர்ந்திருக்கிறாள். அவளும் கேட்கவில்லை.

"இப்பக் கையைத் தூக்குங்கடி" என்றாள் சண்முகத்தாய். "எனக்காகத் தூக்கவேணாம். அவஅவளுக்கு எது வேணுமோ அதுக்குத் தூக்குங்க. அலைத்தீவு யாருக்கு?"

முதலில் மூன்று கை. பிறகு பேக்கிங் பக்கம் பத்துப் பதினைந்து. பிறகு கனகமணி, கண்ணைத் துடைத்த கையையே தூக்கினாள். வெள்ளைத்துரை எண்ணத் தொடங்கினார்.

"நீங்க எண்ணாதீக சார்" என்றாள் சுமைரா. "அது கிளார்க்கு வேலை. நான் இன்னும் கிளார்க்குதான?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "கிளார்க்குதாம்மா. எண்ணு."

நாற்பத்தெட்டு.

சுமைரா அலுவலகத்துக்குள் போய் அலைத்தீவுக்குப் போன் போட்டாள். ஆள்கணக்கைச் சொன்னாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சன்னல் வழியாகக் கேட்டாள்: "யக்கா, தாள்லதான் போடல, அங்க வாடகைக்கு ரெண்டு மாதிரி இருக்காம். உங்களுக்கு முழுக்கை சொல்லவா, அரைக்கை சொல்லவா?"

சண்முகத்தாய் சட்டைக்கைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அரைக்கையே சொல்லு."