அத்தாவின் நடை

விழாத மனுஷனிடம் போய், எங்கே அடிபட்டது என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்?

"பாய், நேத்தும் விழுந்திருக்கீங்க. பட்டை காட்டுது. மறைக்காதீங்க" என்றாள் ஃபோனில் ரேணுகா.

"யாரும்மா விழுந்தது? நான் நல்லாத்தான் கீறேன்" என்றார் அமானுல்லா.

ரேணுகா, நெம்மேலிக் கடலோரத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். நடப்பது, உட்காருவது, விழுவது எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் பட்டை ஒன்றை அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். தனியாகச் சமாளிப்பார் என்று பட்டை சொன்னால் மதுராந்தகத்தில் தன் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் இல்லம்தான். "நீங்க இந்த வூட்லயே இருக்கணும்னுதான் அத்தா இந்தப் பாடு" என்றாள் மகள் சுராயா, அவரைப் பார்த்துக்கொள்ள அணுபுரத்திலிருந்து வந்து தங்கியிருப்பவள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் கையை நீட்டினார்.

யோசித்து யோசித்து அவருக்கு ஒன்று பிடிபட்டது. சஜ்தா! தொழுகையில் நெற்றி தரையில் படக் குனிவதைத்தான் இந்தப் பாழாய்ப்போன பட்டை விழுவதாக எடுத்துக்கொள்கிறது. "அதான் இருக்கும் அத்தா. சேர்ல உக்காந்து தொழுங்க" என்றாள் சுராயா. நெற்றி தரையில் படாமல் தொழுத அன்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காக அதையும் பொறுத்துக்கொண்டார். அப்படியும்தான் இன்றைக்கு இந்த ஃபோன்.

பள்ளிவாசலில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கை கால் முகம் கழுவி ஒளூ செய்வதற்காகப் பட்டையைக் கழற்றினார். அந்த வேளையில் மட்டும் சுராயா அதை வாங்கிக்கொள்வாள்.

"சார்ஜ் போட்டுட்டு தரேன் அத்தா."

அறைக் கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்து தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். ஏரிப் பக்கத்துச் சேற்று வாடை ஜன்னல் வழியே வந்து அறையெல்லாம் நிறைய, மின்விசிறியின் கிறீச்சும் குழாய் சொட்டுவதும் தெருவில் போன பைக்கின் இரைச்சலும் ஒவ்வொன்றாக அடங்கிப்போக, கூடத்திலிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வலது கால் ஊன்றி, இடது கால் தரையோடு தேய்ந்து, மறுபடி ஊன்றி, மறுபடி தேய்ந்து, யாரோ நடந்தார்கள்.

அது அவருடைய நடை.

தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓதிக்கொண்டிருந்தது மறந்துபோனது. முதலிலிருந்து தொடங்கினார். ஊன்றல். தேய்ப்பு. கதவருகே வந்து நின்றது. திரும்பிப் போனது.

தொப்.

வாழ்நாளில் முதல்முறையாகத் தொழுகையை முறித்துக்கொண்டு எழுந்தார். கதவைத் தள்ளினார். வெளியே தாழ்ப்பாள். கூடத்தைப் பார்த்த சின்ன ஜன்னலுக்குக் காலை இழுத்துக்கொண்டு போனார்.

சுராயா.

அவள் மணிக்கட்டில் பட்டை. முதுகு வளைந்து, இடது தோள் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்தாள். அப்படியே சாய்ந்தாள். தலை தரையில் மோதியது. முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை.

"அடிப்பாவி! நான் பெத்த புள்ளடி நீ! என் வூட்ட விட்டு என்னையே தொரத்தவா?"

அவள் திரும்பவே இல்லை. ஃபோன் அடித்தது. படுத்தபடியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய்? இன்னா ஆச்சு? மறுபடி விழுந்துட்டீங்களா?" ரேணுகாதான்.

சுராயா வாயைத் திறந்தாள். வந்தது அமானுல்லாவின் குரல். கரகரப்பு, இளைப்பு, எல்லாம் அதே.

"ஆமாம்மா. என்னால முடியல. வந்து கூட்டிக்கினு போயிடு."

"பொய்!" அமானுல்லா ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "பொய்! நான் விழல! நம்பாதம்மா!"

கத்தியது அவர்தான். கேட்டது ஒரு பெண்ணின் குரல். தொண்டையைப் பொத்திக்கொண்டார்.

"சுராயாவா? பக்கத்துலதான் கீறீங்களா, நல்லதாப் போச்சு" என்றாள் ரேணுகா. "அழாதீங்கம்மா. வண்டி அனுப்பிட்டேன். அத்தாவப் புடிச்சிக்கினு இருங்க."

ஃபோன் அணைந்தது. கூடம் இருட்டாக இருந்தது. தரையில் கிடந்தது மெல்ல எழுந்தது. இடது காலைத் தேய்த்துத் தேய்த்து, ஜன்னலை நோக்கி வந்தது.