வலப்பக்கத்தில் இல்லாத திரை

நவம்பர் மாதம் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமைப் பிற்பகல், பழுது பார்க்க வந்த ஒருவர் என் வீட்டுக் கணினியின் பழுதை நீக்கிவிட்டுப் போனார். நீக்க வேண்டாம் என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகும் நீக்கினார். இதுவே என் முறையீடு.

இதில் முறையிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இறுதிவரை படிக்கக் கடமைப்பட்டவர்கள். பாதி பாடத்தில் கேள்வி கேட்பவர்களை நான் ஆசிரியராக இருந்த காலத்திலும் பொறுத்துக்கொண்டதில்லை.

கணினி என் மனைவியுடையது. கட்டடங்களுக்கு வரைபடம் வரைவது அவள் தொழில். கொத்தனார்கள் அவளை 'ஸ்கேல் மேடம்' என்பார்கள். நீண்ட மேசையில் இரண்டு திரைகள் இருந்தன. இடப்பக்கத் திரையில் நான் எதையாவது தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். வலப்பக்கத் திரையில் அவள் யாருக்காவது வீடு வரைந்துகொண்டிருப்பாள். நாங்கள் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டிய தேவை இருந்ததில்லை.

அவள் இறந்த பின் எங்கள் மகள் வந்து வலப்பக்கத் திரையையும் அவள் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"சும்மா அம்மா நாற்காலியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்கப்பா," என்றாள்.

நாற்காலி போனது. நான் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மகள் திடீரென்று நிறுத்தினாள்.

"அப்பா, அங்க யாரு மூச்சு விடறது?"

"கம்ப்யூட்டர் ஃபேன்மா."

"யாருமே வேலை செய்யலைன்னா அது எதுக்கு ஓடுது? தீப்பிடிச்சா என்ன செய்வீங்க? நான் ஆளு அனுப்பறேன்."

எனக்கு அந்தச் சத்தம் இடைஞ்சலாக இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் இன்னொரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வந்தவர் பருத்த உடலும் நல்ல சிரிப்பும் உடையவர். மூன்று மாடி ஏறியதில் வாசலிலேயே சற்று நின்றுவிட்டார்.

"லிஃப்ட் இல்லைன்னு உங்க பொண்ணு சொல்லவே இல்ல சார்."

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"அதுவும் சரிதான்," என்று உள்ளே வந்தார். கணினிப் பெட்டியின் மேல் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கே. என்ன ஓட்டிக்கிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமே இல்ல. காலையிலேர்ந்து நான் தொடவே இல்ல."

திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுதான் சுடுகிறது என்று கண்டுபிடித்தார். சும்மா இருக்கும்போது நாற்பது டிகிரிக்குள் இருக்க வேண்டியது, அறுபத்தெட்டில் நின்றது. "மனுஷன்னா இந்நேரம் ஆஸ்பத்திரிதான் சார்," என்று பெட்டியைத் திறந்தார். உள்ளே படிந்திருந்த தூசியைச் சிறு ஊதுகுழலால் ஊதினார். சாம்பல் நிறத் தூசி அறை முழுவதும் பறந்து தரையில் மெல்லப் படிந்தது. கார்டைக் கழற்றி, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்து காய்ந்துபோன பசையைச் சுரண்டிவிட்டுப் புதிய பசை தடவினார். விசிறிகளை விரலால் சுழற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் மூடி மின்சாரம் கொடுத்தார்.

சூடு ஏறியது. மீண்டும் அறுபத்தெட்டு.

மறைவாக ஏதாவது நிரல் ஓடுகிறதா என்று தேடினார். எதுவும் ஓடவில்லை. அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இது சும்மா இல்ல சார். யாருக்கோ படம் காட்டிக்கிட்டிருக்கு."

ஒரு வினை நிகழ்கிறதென்றால் அதைச் செய்பவர் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாமல் விடலாம். இல்லாமல் ஆக்க முடியாது.

திரைகளுக்கான அமைப்பைத் திறந்தார். இரண்டு பெட்டிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று அவற்றில் எண்கள்.

"ரெண்டாவது ஸ்க்ரீன் எங்க சார்?"

"என் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா."

குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரே கம்பிதான் செருகியிருந்தது. மற்ற துளைகள் காலி. "இது இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வேலை செய்யுது. ரெண்டு ஸ்க்ரீனுக்கு ஓடினா கார்டு வேகத்தக் குறைச்சுக்காது, அதான் சூடு," என்றார். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினார். அம்புக்குறி திரையின் ஓரம்வரை சென்றது.

ஓரத்தைத் தாண்டிச் சென்றது.

இருவரும் மேசையின் வெறும் வலப்பக்கத்தைப் பார்த்தோம். அதற்கு அப்பால் வெள்ளைச் சுவர்.

"ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கறேன்," என்றார். "ரெண்டு ஸ்க்ரீன்லயும் இருக்கறது ஒரே படமா வந்துடும்."

படம் வந்தது. இடப்பாதியில் எங்கள் முன் இருந்த திரை. வலப்பாதியில் வெள்ளைத் தளத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள். ஒரு வீட்டின் வரைபடம். மூலைகளில் கோடுகள் ஒன்றையொன்று மயிரிழை தாண்டி நின்றன. கையால் வரைந்த நாளில் பழகியதை என் மனைவி கணினியிலும் விடவில்லை. வேறு எவரும் அப்படி வரைவதில்லை.

"பழைய படம் ஏதோ சிக்கிக்கிட்டிருக்கு போல," என்றார் அவர்.

"இது இந்த வீடு," என்றேன்.

அவர் இன்னொரு முறை எடுத்தார். இப்போது அறைக்குள் மேசை இருந்தது. மேசையின் இடப்பக்கம் இரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு வட்டம். இத்தனை பேர் உட்காரலாம் என்று வீடு கட்டுவோருக்குக் காட்ட அவள் போடும் வட்டம் அது. மேலிருந்து பார்த்தால் தெரியும் தலை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டடி பின்வாங்கினார். பிறகு, ஏனென்று தெரியவில்லை, கையை மட்டும் நீட்டி மூன்றாம் முறை எடுத்தார்.

ஒரு வட்டம் நாற்காலியில் இருந்தது.

மற்றொன்று இரண்டடி பின்னால் நின்றது.

விசிறியின் மூச்சு அறையில் ஏறி இறங்கியது. பெட்டியிலிருந்து சூடான தூசியின் வாடை வந்தது. அவர் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், அந்த வலப்பக்கச் சுவத்துல என்ன வரைஞ்சிருக்கு?"

நானும் பார்த்தேன். சுவர்க்கோடு ஓரிடத்தில் அறுந்து, இடைவெளியின் இரு முனைகளிலும் சிறு குறிகள் இருந்தன.

"கதவு," என்றேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. மூணாவது மாடி. கீழ சிமெண்டுத் தரை."

இந்த இடத்தில் வரைபட வழக்கம் ஒன்றை விளக்கியாக வேண்டும். கதவை வரைபவர்கள் இடைவெளி விட்டதோடு நிறுத்தமாட்டார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்ட ஒரு கால்வட்டம் போடுவார்கள். வளைவு அறைக்குள் விழுந்தால் கதவு உள்ளே திறக்கும். வெளியே விழுந்தால் வெளியே திறக்கும். என் மனைவி அதைக் கடைசியில்தான் போடுவாள். யார் வருவார்கள், யார் போவார்கள் என்று யோசித்துவிட்டுப் போடுவதாகச் சொல்வாள்.

அந்த வளைவு இன்னும் போடப்படவில்லை.

அவள் என்னிடம் வரப்போகிறாளா, என்னை அழைக்கிறாளா என்பது அந்த ஒரு கோட்டில் இருந்தது. அழைத்தால் அந்தச் சுவருக்கு அப்பால் எனக்குத் தரை கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆயினும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று என் முழு உயிரும் கேட்டது.

"இன்னொரு தடவ எடுங்க," என்றேன்.

"வேணாம் சார்."

"ஒரே ஒரு தடவ. அந்த வளைவு மட்டும் பாத்துடறேன்."

"வேணாம் சார். நீங்க தனியா இருக்கறவரு. சொன்னா கேளுங்க." இரண்டு என்ற பெட்டியின் மேல் அழுத்தினார். துண்டிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் துண்டித்தார்.

விசிறி மெதுவானது.

நின்றது.

ஐம்பது, நாற்பத்தைந்து, முப்பத்தெட்டு. "சரியாயிடுச்சு," என்று என் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். திருப்புளியை மேசையிலேயே மறந்துவிட்டார். மறுநாள் தொலைபேசியில் சொன்னபோது, "நீங்களே வச்சுக்கோங்க சார்," என்றார்.

மகளுக்கு மகிழ்ச்சி. "இப்போ எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்கப்பா," என்றாள். ஆமாம் என்றேன். அவள் தொலைபேசியை வைத்த பிறகும் அந்த அமைதி இங்கேயேதான் இருந்தது. இரண்டாம் திரையைத் தேடும்படி கணினிக்குப் பலமுறை கட்டளையிட்டேன். வேறு திரை எதுவும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் சொன்னது. கார்டைத் தொட்டுப் பார்த்தேன். கல்லைப்போல் குளிர்ந்திருந்தது.

இன்று மதிய வெயிலில் அறையைப் பெருக்கலாம் என்று விளக்குமாற்றை எடுத்தேன். அவர் ஊதிவிட்டுப் போன தூசி தரையில் அப்படியே இருந்தது, சீராக, மெல்லிய போர்வையைப்போல்.

வலப்பக்கச் சுவரின் அடியில் மட்டும் சீராக இல்லை.

அங்கிருந்து ஒரு கால்வட்டம் தூசியை வழித்திருந்தது, இழுத்த இழுப்பில், நடுக்கமின்றி. அறைக்குள்.

சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பெட்டியில் இருந்த சூடு அதில் இருந்தது.

மேசையின் வலக்கோடியில், அவள் நாற்காலி இருந்த இடத்தில், இரண்டு பாதங்களின் தடம் இணையாக இருக்கிறது. விரல்கள் மேசையை நோக்கவில்லை. என் நாற்காலியை நோக்குகின்றன. அவள் பாதத்தைவிடச் சற்றே பெரியவை. தூசியில் விளிம்புகள் விரிந்துதான் தெரியும். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நான் விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியபோது அந்தத் தடங்கள் மேசையின் கோடியில் இருந்தன. இப்போது அவ்வளவு தொலைவில் இல்லை.

வீட்டுக்குள் வந்தவரை நிற்கவைத்திருப்பது முறையன்று. ஆகவே, வாசகரே, உங்கள் வீட்டில் பயனின்றிக் கிடக்கும் திரை ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்; பழையதானாலும் போதும். ஒரு நாற்காலியும் வேண்டும். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இன்றே வாருங்கள். வந்ததும் வாசற்கதவைத் தட்டுங்கள்.

வேறு எந்தக் கதவு கண்ணில் பட்டாலும் அதைத் தொடாதீர்கள்.