மூலைகளில் இல்லாத மஞ்சள்

தன் தம்பி வெளிநாட்டுச் சிறையில் இருப்பதாகச் சத்தியநாதனிடம் கோகிலவாணி சொன்னபோது, அந்தத் தம்பி சக்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா சார் இது! ஆளு இங்க கீறாரு, அங்கயும் கீறாரா?" என்றான் ஆட்டோ ஓட்டும் ஜெர்சன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் போலிக் கையெழுத்துகளைப் பார்த்தே கண்ணாடிப் பவர் ஏறி ஓய்வுபெற்ற சத்தியநாதனுக்கு அவன்தான் வாகனம், வலது கை, ஓயாத வாய்.

பல நாடுகளில் குண்டு வைக்கும் ஓர் ஆயுதக் கும்பலுக்குப் பணம் கடத்தியவன் பிடிபட்டிருந்தான். சக்தியின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கொடுத்து வாங்கிய அவன் பாஸ்போர்ட்டில் சக்தியின் பெயர், பிறந்த தேதி, மாடம்பாக்கம் முகவரி. முகம் மட்டும் வேறு. ஆறு வாரமாகச் சக்தியை விசாரணைக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அவன் பாஸ்போர்ட்டையும் முடக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை துபாய்க்குப் போகாவிட்டால் கிடைத்த வேலை இன்னொருவனுக்கு.

"நான்தான் நான்னு எத்தனை தடவை சார் சொல்றது? எழுதிக் குடுன்றாங்க. குடுத்தா, கையெழுத்து ஒத்துப்போகலைன்றாங்க."

"பிறப்புச் சான்றிதழ் யார் கைக்குப் போச்சு?"

"போன வருஷம்தான் வாங்கினோம் சார். வந்தன்னிக்கே அக்கா நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னாடி வெச்சிட்டா. இதென்ன கல்யாணப் பத்திரிகையான்னு சண்டையே போட்டேன். அப்புறம்தான் மூணு பேர் நகல் எடுத்தாங்க."

"மங்கலமா இருக்கட்டும்னு வெச்சேன், போதுமா?" என்றாள் கோகிலவாணி.

மூவர்: ஜெராக்ஸ் கடை பிரிட்டோ, இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரத்தினம், பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பித் தரும் ஆனந்தன். வியாழன் காலை மூவரையும் நகலோடு தன் வீட்டுக்கு வரச் சொன்னார் சத்தியநாதன்; வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரையும் அழைத்தார். மேடவாக்கத்திலிருந்து ஆனந்தனை அழைத்துவந்த ஜெர்சன், சிக்னலில் நின்ற நேரத்துக்குள் முன்னால் நின்ற தண்ணீர் லாரிக்காரருக்குப் பெண் பார்த்து நிச்சயமே முடிந்துவிட்டதாகச் சத்தியம் செய்தான்.

"சீக்கிரம் சார், எனக்கு வேற வேலை இருக்கு. பிரிட்டோதான்னு நாங்க முடிவு பண்ணியாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர் சரோஜினி.

சத்தியநாதன் மூன்று நகல்களையும் மேஜையில் பரப்பினார். "பிரிட்டோ நகல்ல நாலு மூலையிலும் கறுப்புத் திட்டு. ரத்தினம் நகல்லயும் அப்படியே. அது மஞ்சள். ஆனந்தன் நகல் பளிச்சுனு இருக்கு."

"சுத்தமா இருந்தா தப்பா சார்?" என்றான் ஆனந்தன்.

"மஞ்சள் வெச்ச பிறகுதான் சான்றிதழ் வீட்டை விட்டே போச்சு. நேர்மையா எடுத்த நகல்ல திட்டு இருந்தே ஆகணும். நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி, அழுக்குன்னு நினைச்சு அழிச்சிட்டே. அந்தப் போலி பாஸ்போர்ட்டுக்குக் குடுத்து, இப்போ போலீஸ் கையில இருக்கிற நகல்லயும் திட்டு இல்லை, பாருங்கம்மா."

சரோஜினி பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"யாருக்குன்னு எனக்குத் தெரியாது சார்" என்று ஆனந்தன் அழுதான். "ஒருத்தன் போன்ல கேப்பான், அனுப்புவேன். இதோட பதினாலு."

"வீடு பிடிக்க ஒருத்தன், சிம் வாங்க ஒருத்தன், காகிதத்துக்கு நீ. எவனும் எதையும் கேக்கறதில்லை. குண்டு மட்டும் வெடிச்சுடுது" என்றார் சத்தியநாதன்.

ஆனந்தன் ஜீப்பில் ஏறினான். சாட்சியம் என்று சக்தியின் அசல் சான்றிதழும் ஏறியது.

மாலை நாலரைக்குப் பாஸ்போர்ட் கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார். "நீங்க சிறையில இருக்கீங்களே."

"அது நானில்லை சார்! போலீஸே சொல்லிட்டாங்க!"

"சொன்னா போதுமா? கைதியோட அடையாளம் வேறன்னு அந்தச் சிறையிலேர்ந்து ஒரு கடிதம் நேர்ல வாங்கிட்டு வாங்க."

"அங்க போறதுக்கே பாஸ்போர்ட் வேணுமே?" என்றாள் கோகிலவாணி.

"கண்டிப்பா. மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றார் அவர், அடுத்த டோக்கனை அழைத்தபடி.