நேராகப் போன ரொசாலியா

சட்டி தயார். மரக்கரண்டி தயார். பொன்னிறக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய கிரீடமும் தயார். மாதில்தே மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பெத்தினா சதுக்கத்தின் நடுவில் இருந்த பழைய கல் கிணற்றின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கிணற்றை எப்போதோ இரும்பு மூடி போட்டு மூடிவிட்டார்கள். அதனால் விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. கயிற்றில் கட்டிய சட்டி அவள் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது.

அன்று புனித மார்ட்டின் திருநாள். வெனிஸ் நகரத்துப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, சட்டியையும் மூடியையும் தட்டிக்கொண்டு, கடை கடையாகப் பாடிக்கொண்டு போவார்கள். கடைக்காரர்கள் மிட்டாய் தருவார்கள். தராதவர்களுக்கென்று தனியாக ஒரு பாட்டு இருக்கிறது. உட்காரும் இடத்தில் உனக்குக் கொப்புளம் வரட்டும் என்று அதில் வரும். அந்தப் பாட்டுக்குப் பயந்தே எல்லோரும் தந்துவிடுவார்கள்.

ஆனால் கூட்டமாகப் போக வேண்டுமே, அதுதான் சிக்கல். அந்தச் சதுக்கத்தில் இப்போது பெத்தினாவை விட்டால் வேறு குழந்தையே கிடையாது.

"பெத்தினா, உனக்குத்தான் போன்," என்று அம்மா கீழ் வீட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

பெத்தினா குதித்து ஓடிப்போய் வாங்கினாள்.

"நான் இன்னிக்கு வரலடி," என்றாள் மாதில்தே. "ஸ்கூல் டீம்ல மேட்ச் இருக்கு."

"போன வாரமும் மேட்ச்னுதானே சொன்ன?"

"போன வாரம் பிராக்டிஸ். கோவமா?"

"இல்ல."

கோபம் இல்லாமல் என்ன, நிறையவே இருந்தது. அதைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

போன வருடம்வரை மாதில்தே எதிர்வீட்டில்தான் இருந்தாள். பச்சைக் கதவு, மூன்றாவது மாடி. வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டார். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வரும்படியாம். மாதில்தேயின் குடும்பம் கடல்மேல் போகும் நீளப் பாலத்தைத் தாண்டி, மெஸ்த்ரே பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களுடைய சக்கரப் பெட்டிகள் பாலத்துப் படிகளில் தடக் தடக் என்று ஏறி இறங்கும்போதெல்லாம் பெத்தினா காதைப் பொத்திக்கொள்வாள்.

அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றும் வேலையைப் பெத்தினாவின் அம்மாதான் பார்த்துவந்தாள். "கூட வாயேன், தனியா உட்கார்ந்து என்ன பண்ணப் போற?" என்று அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டாள். பெத்தினா ஒருமுறைகூடப் போகவில்லை.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கிணற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அப்போது பச்சைக் கதவு திறந்தது. அவள் வயதுதான் இருக்கும், சுருட்டை முடிப் பெண் ஒருத்தி வெளியே வந்தாள்.

"ஏய், குதிரை பிஸ்கட் விக்கிற பேக்கரி எங்க இருக்கு?" என்று கேட்டாள். "பிஸ்கட்ல குதிரை மேல ஆள் உட்கார்ந்திருக்கும். காலைல கண்ணாடி வழியா பாத்தேன்."

"நேரா போ," என்றாள் பெத்தினா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பாலம் ஏறி இறங்கு. அப்புறமும் நேராத்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கழுத்துல எதுக்குச் சட்டி?"

"சும்மா."

அந்தப் பெண் கொஞ்சம் நின்று பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பெத்தினா சட்டியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வந்தவள் பாலத்தின் பக்கம் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்தது. நவம்பர் மாதத்து வெனிஸில் அதை யாரும் அழைக்க வேண்டியதில்லை. முதலில் மணிக்கூண்டு மறைந்தது, அடுத்தது பாலம். எதிர்வீட்டுப் பச்சைக் கதவும் மங்கலாகிவிட்டது. தன்னந்தனியாகச் சட்டியோடு உட்கார்ந்திருப்பதை இனி யாரும் பார்க்க முடியாது என்பதில் பெத்தினாவுக்குச் சின்ன நிம்மதி.

பச்சைக் கதவு வேகமாகத் திறக்கும் சத்தம் கேட்டது. ஓர் அம்மாவும் அப்பாவும் ஓடிவந்தார்கள்.

"பாப்பா, இந்தப் பக்கம் சுருட்டை முடியோட ஒரு பொண்ணு போனாளா?" என்று அந்த அம்மா கேட்டார். "ரொசாலியான்னு பேரு. பக்கத்துலதான் பேக்கரி, போயிட்டு வான்னு அனுப்பினோம். ரொம்ப நேரமாச்சு. நாங்க கால் வலிக்குதுன்னு படுத்துட்டோம்."

அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நான் பெரிய தெருப் பக்கம் பாக்கறேன், நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் ஓடினார்.

பேக்கரிக்குப் போய்த் திரும்ப ஒரு பாட்டுப் பாடும் நேரம் போதும். பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நான்தான் வழி சொன்னேன்," என்றாள்.

"என்னன்னு சொன்ன?"

"நேரா போன்னு."

"அப்படின்னா நேராத்தான் போயிருப்பா. சொன்னதை அப்படியே செய்யற பொண்ணு."

அதைக் கேட்டதும் பெத்தினாவுக்குச் சுரீர் என்றது. வெனிஸில் யாரிடம் வழி கேட்டாலும் 'நேரா போ' என்றுதான் சொல்வார்கள். இத்தனைக்கும் ஊரில் நேரான தெரு என்று ஒன்றுகூட இல்லை. தெரு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து போ என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

"நீங்க இங்கயே இருங்க. நான் கூட்டிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் பெத்தினா ஓடினாள்.

பாலம் ஏறி இறங்கினாள். அங்கே தெருவுக்குக் குறுக்கே இருந்த வளைவு வாசலின் அடியில் அவள் கால்கள் தாமாகவே இடதுபக்கம் திரும்பின. பேக்கரி அந்தப் பக்கம்தான். அவள் சட்டென்று நின்றாள்.

'நான் இந்த ஊர்க்காரி இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நேரா போன்னு சொல்லியிருக்காங்க,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நேர் எதிரே ஒடுக்கமாக ஒரு சந்து போயிற்று. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் ஒருநாளும் உள்ளே நுழைந்ததில்லை. அங்கே கடை இல்லை, தெரிந்தவர் வீடும் இல்லை. பிறகு எதற்கு நுழைய வேண்டும்? இப்போது நுழைந்தாள்.

பனி முகத்தில் ஈரமாக ஒட்டியது. ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒரு வீட்டில்கூட விளக்கு இல்லை. சொந்த ஊரிலேயே வழி தெரியாதவள் ஆகிவிட்டோமே என்று பெத்தினாவுக்குப் பயம் வந்தது. சந்து மூன்றாகப் பிரிந்தது. அவள் நடுச் சந்தைப் பிடித்துக்கொண்டு நேராகவே போனாள்.

கழுத்தில் சட்டி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரண்டியால் ஓங்கித் தட்டினாள். டொங், டொங், டொங்.

"ரொசாலியா!"

பதில் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்து மறுபடியும் தட்டினாள்.

"யாரு?" என்று மெல்லிய குரல் கேட்டது.

"நான்தான். சட்டிக்காரி."

சந்து தண்ணீரில் போய் முடிந்தது. கால்வாய்க்குள் இறங்கும் கல்படிகளில் மேல்படியில் ரொசாலியா குறுகி உட்கார்ந்திருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு காலில் நனைந்த காலுறை மட்டும்தான்.

"ஷூ எங்க?"

"வழுக்கிடுச்சு. படியெல்லாம் பாசி." ரொசாலியா தண்ணீரைக் காட்டினாள். "அதுவும் நேராத்தான் போச்சு."

பெத்தினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும் நேரம் இதுவல்ல என்று அடக்கிக்கொண்டாள்.

"திரும்பி வந்திருக்கலாமே?"

"வந்தேன். அங்க மூணு சந்து. எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. சுத்திச் சுத்தி மறுபடியும் இங்கயே வந்துட்டேன்." ரொசாலியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ வேணும்னேதானே தப்பா சொன்ன?"

"இல்ல. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." பெத்தினா ஒரு நிமிடம் தரையைப் பார்த்தாள். "ஆனா நீ சீக்கிரம் போனாப் போதும்னு நினைச்சேன். அது நிஜம். மன்னிச்சிடு."

"எங்க ஊர் பலெர்மோல நேருன்னா நேருதான்."

"நல்ல ஊரு," என்றாள் பெத்தினா.

தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றி, ரொசாலியாவின் ஈரக் காலில் மாட்டி, இழுத்துவிட்டாள். கணுக்கால்வரை சரியாக இருந்தது. உச்சியில் இருந்த குஞ்சம் கட்டைவிரலுக்கு மேல் ஆடியது. ரொசாலியா அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

"கையைப் பிடிச்சுக்கோ. தட்டிக்கிட்டே போவோம். உங்க அப்பா எங்க இருந்தாலும் சத்தம் கேட்டு வந்துடுவாரு," என்றாள் பெத்தினா. கரண்டியை ரொசாலியாவிடம் கொடுத்தாள்.

இருவரும் தட்டிக்கொண்டே வளைவு வாசலைக் கடந்து கடைத்தெருவுக்கு வந்தார்கள். பேக்கரிக் கதவு படாரென்று திறந்தது.

"அட, வந்துட்டீங்களா," என்றார் பேக்கரி நடத்தும் சியோரா பியா, அதாவது பியா அம்மா. இரண்டு கையிலும் மாவு. "இந்த வருஷம் ஒரு பிள்ளையும் வரலையே, இவ்வளவு மிட்டாயையும் நானே தின்னு தீக்கணும்போலன்னு உட்கார்ந்திருந்தேன். ம், பாடுங்க."

"இல்ல சியோரா, இவ தொலைஞ்சு போயிட்டா. இவ அப்பா அம்மாவுக்குக் கேக்கட்டும்னுதான் தட்டறோம்."

"அது உங்க பிரச்சினை. பாடினாத்தான் மிட்டாய்."

பெத்தினா பாடினாள். பாட்டுத் தெரியாத ரொசாலியா ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பெரிய குரலில் கத்தினாள். சியோரா பியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கை நிறைய மிட்டாயைச் சட்டிக்குள் போட்டார். ஆளுக்கொரு குதிரை பிஸ்கட்டும் கொடுத்தார். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த மீன்கடைக்காரர் வெளியிலேயே வந்துவிட்டார்.

"காலுல என்னடா அது, குல்லா?" என்றார் மீன்கடைக்காரர். "இந்த வருஷத்துப் புது பேஷனா?"

"பலெர்மோல எல்லாரும் இப்படித்தான் போடுவோம்," என்றாள் ரொசாலியா, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

நான்காவது கடை வாசலில் இருந்தபோது பனிக்குள்ளிருந்து அப்பா ஓடிவந்தார். ரொசாலியாவை அப்படியே தூக்கிக்கொண்டார். சதுக்கத்தில் காத்திருந்த அம்மா முதலில் அழுதார், பிறகு திட்டினார், பிறகு மறுபடியும் அழுதார். கடைசியில் பெத்தினாவின் பக்கம் திரும்பினார்.

"மேல வாம்மா. சூடா சாக்லேட் போட்டுத் தரேன். உங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பெத்தினா பச்சைக் கதவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ரொசாலியா கையை விட்டால்தானே.

மாடி ஏறும்போது ஐந்தாவது படியைப் பெத்தினா தாண்டிக் குதித்தாள்.

"அந்தப் படி ஆடும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ரொசாலியா.

"இது என் சிநேகிதி வீடு. மாதில்தேன்னு பேரு. இப்ப இங்க இல்ல." அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று பெத்தினா நிறுத்திக்கொண்டாள்.

ரொசாலியா கண்ணை அகலமாகத் திறந்தாள். "அப்ப 'பி'ன்னு எழுதியிருக்கறது நீயா?"

அவள் பெத்தினாவை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரெல்லாம் புது வெள்ளை. ஆனால் சுண்ணாம்பு அடித்தவர்கள் கதவைத் திறந்தே வைத்து அடித்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த சுவர்ப்பகுதி மட்டும் பழைய மஞ்சளாகவே தப்பித்திருந்தது. அதில் பென்சில் கோடுகள், ஏணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு வரிசையில் மாதில்தேயின் 'எம்', இன்னொரு வரிசையில் பெத்தினாவின் 'பி'.

"பி எப்பவும் குட்டையாவே இருக்காளேன்னு நினைச்சேன்," என்றாள் ரொசாலியா.

பெத்தினா சுவர் அருகே போனாள். கோடுகளை விரலால் மெதுவாகத் தடவினாள். எல்லாம் அப்படியே இருந்தன.

"நில்லு," என்றாள் ரொசாலியா. பெத்தினாவைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துக் கோடு போட்டாள். "நல்லா பாரு. எம்மைத் தாண்டிட்ட. ரெண்டு விரல்."

அடுத்து ரொசாலியா நின்றாள்.

"குதிகாலைத் தூக்காதே," என்றாள் பெத்தினா.

"தூக்கல."

"தூக்கியிருக்க. குஞ்சம் ஆடுது."

சாக்லேட் குடித்து முடித்ததும், ரொசாலியாவின் அம்மாவிடம் போனைக் கேட்டு வாங்கிப் பெத்தினா மாதில்தேயைக் கூப்பிட்டாள்.

"நான் உன்னைத் தாண்டிட்டேன்."

"எதுல?"

"உன் ரூம் கதவுக்குப் பின்னாடி."

"அது இன்னும் இருக்கா?" என்றாள் மாதில்தே. அவள் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. "எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். அதைப் பாக்க வேணாம்னுதான் அந்தப் பக்கமே வரல."

"அப்ப மேட்ச்?"

"மேட்ச் நிஜம்தான். பிராக்டிஸ்தான் பொய்."

பெத்தினா உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "எதையும் அழிக்கல. எல்லாக் கோடும் இருக்கு. நான் உன்னைவிட ரெண்டு விரல் உயரம்."

"அது ஒரு வருஷத்துப் பழைய கோடுடி. நானும் வளந்திருக்கேன்."

"சொன்னா யாரு நம்புவா? வந்து நின்னு காட்டு."

"நாளைக்கே வரேன். காலைல முதல் பஸ்ல."

பெத்தினா ரொசாலியாவைப் பார்த்தாள்.

"நாங்க நாளைக்கு மத்தியானம்தான் கிளம்பறோம்," என்றாள் ரொசாலியா. மீதி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.