திருப்பிவிடும் கைகள்

ஓரகத்திகளில் மூத்தவள் இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு மத்தியான நேரத்தில், இளையவளும் அவள் கணவனும் அவள் வீட்டுக்குக் குடிவந்தார்கள். அண்ணன் தனியாகக் கிடக்கிறார், அடுப்பே பற்றவைப்பதில்லை, கூப்பிட்டால் கதவைத் திறக்க வெகு நேரமாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. இளையவளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நல்ல ஆஸ்பத்திரி இருந்தால் போதும் என்று அவளும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பழைய வீடு. முன்னால் இரண்டு அறை, நடுவே நீண்ட நடை, நடையின் கடைசியில் ஒரு கதவு. அதன் அடியில் துளி இடைவெளி இல்லாதபடி கம்பளித் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. சுவரெல்லாம் சில்லிட்டுக் கிடந்த வீட்டில் அந்தக் கதவு மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

"என்ன மாமா, கதவு இப்படிச் சுடுது?" கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டே சாவியை நீட்டினார். "உங்க அக்காவோட அறைம்மா. அவ போன அன்னைக்குப் பூட்டினது. இன்னைக்கு வரைக்கும் என்னால அதைத் தொட முடியல."

மூத்தவள் பாலைவனச் சிலந்தி வளர்த்தவள். உள்ளங்கை அகலம், மணலின் நிறம், மணலிலேயே வளை தோண்டிக் குடியிருக்கும் ஜாதி. அவற்றின் விஷத்திலிருந்து மருந்து தேடும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று குஞ்சுகளை எடுத்துக்கொள்ளும். சொந்தக்காரர்கள் முகம் சுளித்த வேலை அது. அவளோ பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டாள். பிள்ளை இல்லாதவளைப் பற்றி அப்படிச் சொல்ல எல்லோருக்கும் நாக்கு கூசியது. ஆனால் அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம், முட்டைப் பைகளை வைக்கும் சூட்டுப்பெட்டிக்கு முன்னால், முக்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாள். ஒரு கை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"ஆராய்ச்சிக்கூடத்து ஆளுங்களை வரச்சொல்லி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகச் சொல்லிடலாம்," என்றான் கணவன்.

"முட்டை இருக்கும்போது இடம் மாத்தக் கூடாதுங்க. பொரியிற வரைக்கும் நான் பாத்துக்கறேனே."

"மாசமா இருக்கிறவ புளிப்பு கேப்பான்னு பாத்தா, நீ சிலந்தி கேக்கறியேடி!"

அவள் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்பு கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவள். முட்டை என்றால் அது எதுவுடைய முட்டையாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் போனில் விவரம் சொன்னாள். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைக் காலுக்கிடையில் கட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் போடும். கூண்டில் மிரண்டுபோனால் அதையே தின்றுவிடும். அதனால் பையைப் பிரித்தெடுத்து, சின்னக் கிண்ணத்தில் துணித்தொட்டில் கட்டி அதில் போட்டு, சூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு தாயின் வேலையை மனிதர்தான் செய்யவேண்டும். தினமும் பல தடவை மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். விட்டால் அடியில் இருக்கும் முட்டைகள் நசுங்கி, கறுத்து, பூஞ்சை பிடித்துவிடும். "இத்தனை நாள் கவனிக்காம விட்டது தப்பிச்சிருக்காதுங்க," என்று வருத்தப்பட்டாள் அவள்.

இளையவள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அழுகல் வாடை எதுவும் வரவில்லை. காய்ந்த மணல் வாசனை. அதனடியில் மெல்லிசாகத் தைல நெடி. சிலந்தியின் மயிர் பட்டால் கை அரிக்கும். அதற்கு மூத்தவள் தைலம் தடவுவாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறையில் ஒரே ஒரு மங்கிய சிவப்பு விளக்கு. இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மணல்மேட்டில் ஒரு வளை; வளை வாயில் முன்னங்கால்களை மட்டும் நீட்டிக்கொண்டு சிலந்திகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கால் வைக்கும்போது எழுந்த சலசலப்பு, யாரோ மணலைக் கைமாற்றிக் கொட்டுவதுபோல் கேட்டு அடங்கியது.

சூட்டுப்பெட்டியைத் திறந்தாள்.

தொட்டில்களில் முட்டைப் பைகள் வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, பஞ்சுமாதிரி இருந்தன. ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

யாரும் நுழையாத அறை. யாரும் திருப்பாத முட்டைகள்.

தப்பித்துவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பண்ணையில் செய்வதுபோல், மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் எது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு பையிலும் மேலாகப் பென்சிலால் பட்டும் படாமலும் ஒரு புள்ளி வைத்தாள். கதவைப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திருப்பிவிடப் போனபோது ஒரு புள்ளியும் கண்ணில் படவில்லை.

எல்லாம் அடியில் இருந்தன.

"மாமா, நீங்க உள்ள போனீங்களா?"

மூத்தவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா கேக்கறே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்று அவர் சாப்பிடவும் வரவில்லை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவள் போவதற்கு முன்பே வேலை முடிந்திருக்கும். சில சமயம் கதவைத் திறக்கும்போது முக்காலி முனகும், பாரம் தாங்கியிருந்த மரம் நிமிர்வதுபோல. முக்காலிப் பலகை வெதுவெதுப்பாக இருக்கும். அறையே சூடுதான், அதனால் என்ன என்று நினைத்துக்கொள்வாள். கணவனிடம் சொன்னாள். "மாசமா இருக்கும்போது அப்படித்தான் ஏதாவது தோணும். அங்க போகாதேன்னா கேக்கறியா?" என்றான். அவளும் விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பெரிய பயமில்லை. முட்டைகள் நன்றாக இருக்கின்றன. கெட்டது செய்கிறவர்கள் முட்டையைத் திருப்பிவிடுவார்களா?

அந்த நிலையில்தான் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "குழந்தை திரும்பவே இல்லையே. குறுக்கே படுத்திருக்கு. இப்படியே இருந்தா ஆபரேஷன்தான்."

வீட்டுக்கு வந்ததும் இளையவளுக்கு அழுகை முட்டியது. கணவன் வேலைக்குப் போயிருந்தான். மூத்தவரிடம் இதையெல்லாம் பேச முடியாது. சிலந்தி அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சூடு முதுகுக்கு இதமாக இருந்தது. முக்காலியைப் பார்த்து, பாதி விளையாட்டாக, பாதி ஏக்கமாகச் சொன்னாள்:

"எல்லாத்தையும் திருப்பறீங்களேக்கா. இதையும் கொஞ்சம் திருப்பிவிடக் கூடாதா?"

அறை முழுக்க இருந்த சலசலப்பு நின்றது.

வளை வாயில் இருந்த கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன.

மறுநாள் மத்தியானம் முன்னறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஜன்னலில் வெயில். தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனார்கள். தைல நெடி வந்தது. அடுத்த நொடி, வயிற்றின் இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகள் படிந்தன. உலர்ந்த, சூடான, சொரசொரப்பான கைகள். கத்த வாய் வரவில்லை. வலிக்கவும் இல்லை. அத்தனை பதமாக, அத்தனை பழக்கமாக, அந்தக் கைகள் உள்ளே இருந்ததைத் தள்ளித் திருப்பின.

குழந்தை புரண்டது.

"தானாவே திரும்பிடுச்சே! தலை கீழ வந்தாச்சு," என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். கணவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இளையவள் வீட்டுக்கு வந்து அந்தக் கதவுக்கு வெளியே நின்று, "ரொம்ப நன்றிக்கா," என்றாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

சாயங்காலம் கைகள் மறுபடி வந்தன.

தலை மேலே போயிற்று.

இளையவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முட்டையை ஒரு தடவை திருப்பிவிட்டு யாரும் நிறுத்துவதில்லை. காலையில் ஒரு முறை, வெயில் ஏறியதும் ஒரு முறை, மத்தியானம், சாயங்காலம். சமைக்கும்போது வந்தன. குளிக்கும்போது வந்தன. கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வந்தன. அவள் புடவை மேல் பத்து விரல்கள் பள்ளம் விழுந்ததை அவன் கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகு அவன், அதெல்லாம் உனக்குத் தோன்றுகிறது என்று சொல்லவே இல்லை.

"கிளம்பு, உங்க அம்மா வீட்டுக்குப் போயிடலாம்," என்றான். போனார்கள். பஸ்ஸில், இருக்கைகளுக்கு நடுவே ஜனங்கள் நின்றுகொண்டிருக்க, ஜன்னலோர இருக்கையில் அவள் வயிறு ஒருபக்கமாக எழும்பி மறுபக்கமாகச் சரிந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டார்கள்.

குழந்தையின் உதை நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் இளையவள் மூத்தவரின் முன்னால் போய் நின்றாள். "மாமா, நீங்க சொன்னா அக்கா கேப்பாங்க. எனக்காக ஒரு தடவை உள்ள வாங்க."

அவர் முகம் கோணியது. பிறகு உடைந்த குரலில் சொன்னார்: "எங்களுக்கும் ஒண்ணு இருந்ததும்மா. கல்யாணமான புதுசுல. குறுக்கத்தான் கிடந்தது. ஒரு நர்ஸ் கையால திருப்பிப் பாத்தாங்க, திரும்பல. வெளிய வந்தப்போ உயிரில்லை. 'இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தா பிழைச்சிருக்கும்'னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா."

இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடையில் நடந்தார். உள்ளே போனார்கள். சிவப்பு வெளிச்சத்தில் முக்காலி காலியாக இருந்தது. சூட்டுப்பெட்டியின் கதவு திறந்திருந்தது. ஒரு தொட்டிலில் இருந்த பை, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லப் புரண்டது.

மூத்தவர் முக்காலிக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ஏ புள்ளே," என்றார். அப்படித்தான் அவளைக் கூப்பிடுவார்போல. "போதும்டி. நீ ஒண்ணும் குறை வைக்கலை. அன்னைக்கும் வைக்கலை. பொரியிற நேரம் வந்தா கையை எடுத்துடணும்னு நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தே? வந்தாச்சு. கையை எடு."

இளையவளின் வயிற்றில் இரண்டு கைகள் இறுகின.

"எடுடி," என்று அவர் அழுதார்.

வெகுநேரம் கழித்து, ஒவ்வொரு விரலாக, அவை விலகின. முக்காலி முனகியது. அதே மூச்சில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்து, மணல் சிதறிய தரை நனைந்தது.

ஆபரேஷன்தான் செய்தார்கள். "கொடி கழுத்தைச் சுத்தோ சுத்துன்னு சுத்தியிருக்கு. ராட்டினத்துல உக்கார வச்ச மாதிரி. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். பெண் குழந்தை. முதலில் அழவில்லை. பிறகு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அழுதது.

அதே நாளில் பைகள் எல்லாம் பொரிந்தன. ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் வந்து குஞ்சுகளையும் தாய்களையும் எடுத்துப்போனார்கள். இவ்வளவு பிழைத்து இதுவரை பார்த்ததில்லை என்று வியந்தார்கள். மூத்தவர் அந்த அறையைத் தன் கையாலேயே கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். பிறகு வீட்டைக் காலிசெய்துவிட்டு, மூவரும் குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். புது வீட்டில் எல்லா அறைக்கும் ஜன்னல் இருந்தது. மூத்தவர் மூன்று வேளையும் சாப்பிட்டார். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "எங்க வீட்டு மேனேஜரம்மா," என்று கொஞ்சினார். நடந்ததைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை, ஆண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். இளையவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் குழந்தை கலகலவென்று சிரிக்கும் சத்தம். எதற்கு இந்தச் சிரிப்பு என்று எட்டிப் பார்த்தாள்.

குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக எழுந்து நின்றிருந்தது. எதிரே யாரும் இல்லை. அது அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. சுவரை விட்டுவிட்டு, தூக்கிக்கொள் என்று கேட்கும் குழந்தைகள் நீட்டுவதுபோல, இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

விழப்போகிறது என்று இளையவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சமையலறை வாசற்படியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

குழந்தையின் இரண்டு பாதங்களும் மெல்ல, மிக மெல்ல, தரையை விட்டு எழும்பின. ஓர் ஆள் இடுப்பளவுக்கு வந்து நின்றன. குழந்தையின் கன்னம் எதிலோ சாய்ந்து அழுந்தியது. கண்கள் சொக்கின.

ஓடிப்போய்ப் பிடுங்கினால் அந்தக் கைகள் எப்படி இறுகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"அக்கா," என்றாள், குரல் எழும்பாமல். "பாத்து அக்கா... மெதுவா."