பிளாஸ்திரிக் கோடு

பாட்டிலில் மருந்து குறையவில்லை.

எல்சி அதை முதலில் கவனித்தது புதன்கிழமை சாயங்காலம். இறால் கம்பெனியில் எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களால் பழுப்புப் பாட்டிலைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை காலையில், மருந்து நின்ற மட்டத்தில் மெல்லிய பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். அதன்பிறகு நான்கு வேளை போயிருக்க வேண்டும். காலை வேளைகளை அவளே கொடுத்தாள். மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஐந்தாம் கோடுவரை ஊற்றி, மகள் ஜானட்டின் மூக்கைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி. ஆனாலும் மருந்து பிளாஸ்திரியை விட்டு இறங்கவே இல்லை.

"சாயங்கால மருந்து குடுத்தியா?"

அவள் கணவன் நெல்சன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவன். காலை ஷிப்ட் முடிந்து மதியமே வந்துவிடுவான். சாயங்கால வேளை அவன் பொறுப்பு.

"குடுத்தேனே. நீ குடுக்கற மாதிரியேதான். மூக்கப் புடிச்சிகினு ஒண்ணு, ரெண்டு, மூணு."

"அப்ப இன்னாத்துக்குக் கொறையாம கீது? தண்ணி ஊத்திக் கலந்து வைக்கிறியா?"

"நான் குடிக்கறதுலயே தண்ணி கலக்க மாட்டேன். பாப்பா மருந்துல கலப்பனா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மூலையில் ஜானட் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது. மூன்று வாரத்துக்கு முன்புவரை வாரம் இரண்டு முறை வலிப்பு வந்து, தறிகெட்டு வெட்டி இழுத்த உடம்பு. இந்த மருந்து தொடங்கியதும் வலிப்பு நின்றது. "ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, நிறுத்தினால் திரும்ப வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலிப்போடு அவளுடைய பேச்சும் நின்றது. இப்போதெல்லாம் உதடுகளை இறுக்க மூடியே வைத்திருக்கிறாள். வாயில் எதையோ வைத்துக்கொண்டு விழுங்காமல் காப்பாற்றுகிறவள்போல.

வியாழக்கிழமை வேலை முடிந்து, கல்மண்டபத்தில் ரஷீதின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். பலகைத் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, முன்னால் சூடான கம்ப்யூட்டர், எங்கோ எலி செத்த வாடை.

"எல்லாரும் இங்க ரிசல்ட் பாக்க வரான், பொண்ணு பாக்க வரான். நீ ஒருத்திதான்க்கா மருந்து பாக்க வர்ற" என்றான் ரஷீது. தாய்மார்கள் பிள்ளைகளின் மருந்தைப் பற்றி எழுதிக்கொள்ளும் இன்டர்நெட் பக்கத்தை அவளுக்கு முதலில் திறந்து காட்டியவனே அவன்தான். ஊர் ஊராகப் பெண்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்கள். பல் கறுத்துவிட்டது, தூங்கிக்கொண்டே இருக்கிறாள், உடம்பு ஊதுகிறது. கீழே கீழே போனாள். மாயா அம்மா என்று ஒருத்தி, வியாசர்பாடி. அதே மருந்து.

'வலிப்பு நின்னுடுச்சு. ஆனா பாட்டில்ல மருந்து குறையல. உங்க வீட்டுல குறையுதா?'

யாரோ கேலி செய்திருந்தார்கள். 'உங்க வீட்டுக்காரர் நல்லவர், வாங்கி வாங்கி ஊத்தறார்.' மாயா அம்மா பதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரே வரி: 'இப்ப கூடுது.'

எல்சி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை நெல்சன் கடைக்குப் போன நேரத்தில் மருந்து முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் கொட்டினாள். அந்தோணியார் படத்துக்கு முன்னால், ஈஸ்டர் இரவில் கோவிலிலிருந்து பிடித்து வந்த தீர்த்தம் இருந்தது. அதுவும் பழைய மருந்துப் பாட்டிலில்தான். அந்தத் தெருவில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். அதில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, மருந்தின் நிறம் வந்ததும் காலியான பழுப்புப் பாட்டிலில் கால் பங்கு ஊற்றினாள். பிளாஸ்திரிக்கு நான்கு விரல் கீழே நின்றது. பிள்ளையைத் தீர்த்தம் பார்த்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஜானட்டுக்கு அதையே கொடுத்தாள். குழந்தை அவளையே பார்த்தபடி வாங்கிக்கொண்டது. தொண்டை அசைந்ததா என்று எல்சி பார்த்தாள். தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடி ரஷீதின் கடை. வியாழக்கிழமை அந்த ஒரு வரியோடு எழுந்துவிட்டிருந்தாள்; இன்று இன்னும் கீழே போனாள். மாயா அம்மாவின் வரிகள், ஒன்பது நாளுக்கு முந்தியவை.

'கொட்டிட்டேன். திரும்பவும் ரொம்புது. இன்னைக்குக் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. ரொம்பினா இன்னா ஆவும்? யாராவது சொல்லுங்க.'

அதன் கீழே மற்றப் பெண்கள். மாயா அம்மா, எப்படி இருக்கீங்க? மாயா அம்மா, பதில் போடுங்க. பிறகு வெறும் நாட்கள். கடைசியில், இன்று மதியம், மாயா அம்மாவின் பெயரிலேயே ஒரு வரி.

'அம்மா குடிச்சிட்டா.'

"அக்கா, இன்னும் பத்து நிமிஷம் கீது" என்று ரஷீது சொன்னது பின்னால் கேட்டது. அவள் தெருவில் இருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று உறுமிக்கொண்டிருக்க, காற்றில் கருவாடும் டீசலும் அம்மோனியாவும் கலந்து தொண்டையைப் பிடிக்க, லாரிகளுக்கு இடையே புகுந்து புகுந்து ஓடினாள். கோவில் மணி ஆறு அடித்தது. அது முடிவதற்குள் தெரு முழுவதும் கரண்ட் போனது.

கதவு திறந்திருந்தது.

"நெல்சன்."

உள்ளே மருந்து வாடை. தீர்த்தம் இல்லை, வெல்லம் இல்லை. அதே மருந்து. சர்க்கரையும் இரும்பும் கலந்த வாடை.

ஒரு சத்தம். மெல்லிய, நிற்காத சத்தம். குழாயை முழுக்க மூடாமல் விட்டதுபோல.

நெல்சன் பாயில் உட்கார்ந்திருந்தான். சுவரைப் பார்த்து. உதடுகள் மூடியிருந்தன. முகவாயில் பழுப்பாய் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. தோளைத் தொட்டாள். அவன் திரும்பவில்லை.

சமையல்கட்டில் ஜானட்.

பக்கவாட்டில் நின்றிருந்தாள். பாட்டிலை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை. வாயிலிருந்து பழுப்பு நூல் ஒன்று பாட்டிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை. மூச்சு இல்லை. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு இருக்க முடியாது. இறங்கிக்கொண்டே இருந்தது. பிளாஸ்திரியைத் தாண்டியது. கழுத்தைத் தொட்டது.

நின்றது.

குழந்தை உதட்டைத் துடைத்துக்கொண்டது. மூடியை எடுத்தது. கண்ணுக்கு நேராகப் பிடித்தது. ஐந்தாம் கோடுவரை, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஊற்றியது. மூன்று வாரத்துக்குப் பிறகு பேசியது.

"உக்காரும்மா. எட்டல."

எல்சியின் முழங்கால்கள் மடிந்தன. அவள் மடக்கவில்லை.

சில்லென்ற, பிசுபிசுத்த இரண்டு விரல்கள் அவள் மூக்கைப் பிடித்தன.

"ஒண்ணு" என்றாள் ஜானட். "ரெண்டு."