மோட்டார் நின்ற பிறகு

மூன்றாம் நாள் மதியம் தங்கை வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது, மீன் தொட்டிக்கு முன்னால் கிடந்த மிதியடி ஈரமாக இருந்தது. கண்ணுக்கு முந்தி அதைக் கண்டுபிடித்தது அவளுடைய காலுறைதான்.

"வந்துட்டியா," என்றாள் ஈரத்தைப் பார்த்து, எப்போதோ வருவான் என்று தெரிந்த திருடனைப் பிடித்ததுபோல.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது ஈரம்தான். எங்கே குழாய் வெடித்தாலும், எந்தக் கூரை ஒழுகினாலும், காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் போய்ப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தப்பு என்று எழுதிக் கொடுக்கும் வேலை. போகிற வீட்டிலெல்லாம் ஒரே கதையைத்தான் அளப்பார்கள். 'மேடம், திடீர்னு வந்துடுச்சு மேடம்.' தண்ணீர் எங்கேயாவது திடீரென்று வருமா? வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாய்க் கசிந்து, மரத்தை ஊதவைத்து, சுவரில் மஞ்சளாய்ப் படம் போட்டு, நாற்றமெடுத்து, அத்தனை தடவை கூப்பிட்ட பிறகும் திரும்பிப் பார்க்காத சோம்பேறிகளுக்குத்தான் அது திடீரென்று வரும். அறிக்கையின் கடைசி வரியில் 'கவனக்குறைவு' என்று எழுதி அடிக்கோடிடும்போது அவளுக்குக் கிடைக்கும் திருப்தி, வயிறாரச் சாப்பிட்டால்கூடக் கிடைப்பதில்லை.

அந்த வார்த்தையைத் தங்கை புருஷனைப் பற்றி எழுதும் பாக்கியம் கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. குடும்பத்தில் அவனுக்கு 'லிஸ்ட்டு' என்று பெயர். பல் தேய்க்கவும் பட்டியல் போடுகிறவன். முந்நூறு லிட்டர் தண்ணீரை நடுவீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அது வெளியே வந்துவிடாமல் காவல் காப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்கிற பிறவி. பத்து நாள் ஊருக்குப் போகும்போது, மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுச் சாவியை இவளிடம் கொடுத்துவிட்டு, தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஃபில்டரின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்க்கவும். ஃபில்டரை எப்போதும் பிளாஸ்டிக் தட்டுக்குள்ளேயே வைக்கவும். ஒயரை பிளக்குக்குக் கீழே தொங்குமாறு வளைத்துவிடவும், அப்போதுதான் ஒழுகும் தண்ணீர் பிளக்குக்கு ஏறாது. கடைசி வரி சிவப்பு மையில்: எக்காரணம் கொண்டும் மோட்டாரை நிறுத்த வேண்டாம்.

எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மிதியடியைப் பிழிந்து காயப்போட்டாள். தொட்டியில் தண்ணீர், அவன் ஒட்டியிருந்த நீல டேப்பின் விளிம்பை இம்மி பிசகாமல் தொட்டுக்கொண்டு நின்றது. பதினொரு மீன்கள். இரையைத் தூவிவிட்டு, தண்ணீர் தெளித்த குற்றத்தை அவற்றின் தலையில் கட்டிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினாள்.

மறுநாள் ஈரம் சோபா வரைக்கும் வந்திருந்தது.

இப்போது அவளுக்குள் இருந்த தொழில்காரி விழித்துக்கொண்டாள். பையிலிருந்து டார்ச்சை எடுத்து, மண்டியிட்டு, அலமாரிக்குள் தலையை விட்டாள். ரப்பர் வளையம் காய்ந்திருந்தது. குழாய் காய்ந்திருந்தது. ஃபில்டர் உட்கார்ந்திருந்த தட்டில் தூசிதான் இருந்தது. ஈரம் பட்டால் அலறும் சின்ன அலாரம் பச்சை விளக்கோடு பேசாமல் கிடந்தது. ஆனால் அலமாரிக்கு வெளியே தரையில் பாதம் நனையத் தண்ணீர். இரண்டு வாளி பிழிந்தாள். நிமிர்ந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் அதே நீல டேப்பில். குளிர்ந்த, பச்சை நாற்றம் அடித்தது. குழாய்த் தண்ணீரின் நாற்றமில்லை, வருடக்கணக்காக யாரும் இறங்காத குளத்தின் அடிமண் நாற்றம். மீன்களை எண்ணினாள். ஆறு.

மற்றதைத் தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் மீனுக்குக்கூட வெட்கமில்லை.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மா, கையில் துணி காயப்போடும் கிளிப்போடு.

"உங்க சீலிங்ல கறை விழுந்திருக்கா?" என்று இவளே முந்திக்கொண்டு கேட்டாள்.

"இல்லையே. எங்களுது காஞ்சுதான் இருக்கு. நான் அதுக்கு வரல." அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். "வீட்ல யாராவது நீச்சலடிக்கிறாங்களா? காலைல இருந்து தண்ணிய அளையற சத்தம்."

"மூணாவது மாடில எங்கிருந்துங்க நீச்சல்?"

"அதான் நானும் கேக்கறேன்," என்று முனகிக்கொண்டே அந்த அம்மா இறங்கிப் போனாள். வேலைவெட்டி இல்லாத ஜென்மம்.

திரும்பி வந்து, சிவப்பு மை வரியை ஒருமுறை படித்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கினாள். குழாயின் இரண்டு வால்வுகளையும் திருகி மூடினாள். ஓடுவதுதானே ஒழுகும்? ஒரு குழந்தைக்குத் தெரிந்த விஷயம். மோட்டாரின் முனகல் அடங்கியது. வெற்றிச் செய்தியைச் சொல்லித் தங்கைக்குப் போன் போட்டாள். எடுத்தது அவன்.

"நிறுத்திட்டீங்களா?" என்றான். "அக்கா, மறுபடி போடுங்க. இப்பவே போடுங்க."

"ஏன்? மீன் கோவிச்சுக்குமா?"

"சுத்திக்கிட்டே இருந்தாதான் அது தொட்டிப் பக்கமே இருக்கும். நின்னுச்சுன்னா இடம் தேட ஆரம்பிச்சிடும்."

"தண்ணி இடம் தேடும்னு நான் இருபத்திரண்டு வருஷமா எழுதிக் குடுத்துட்டிருக்கேன், மாப்பிள்ளை. எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?"

"நான் தண்ணியச் சொல்லலக்கா."

போனை வைத்துவிட்டாள். அப்புறம் அவன் ஏழு தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. தப்பு வெளியே வந்ததும் கதறுகிறவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் தரை காய்ந்திருந்தது.

சொட்டு இல்லை. மிதியடி மொறமொறவென்று கிடந்தது. பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, தரையில் பளிச்சென்று ஒரு கட்டம் போட்டிருந்தது. "பார்த்தியா," என்று வாய்விட்டுச் சொன்னாள். தங்கைக்குச் செய்தி தட்டத் தொடங்கினாள். 'உன் புருஷன் மோட்டாரை நிறுத்தக் கூடாதுன்னு சொன்னதுதான் காரணம். முழுக்க முழுக்க கவனக்கு—'

அங்கே விரல் நின்றது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

பிளக் அவள் விட்ட இடத்தில், தரையில் கிடந்தது. அலமாரிக்குள் காதை வைத்தாள். அங்கிருந்து வரவில்லை. தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் நீல டேப்பில் அசையாமல் நின்றது, கண்ணாடி வைத்ததுபோல. உள்ளே ஒரு மீன்கூட இல்லை. செத்து மிதக்கவும் இல்லை. மூடி மூடியபடியே இருந்தது.

சத்தம் சுவரிலிருந்து வந்தது.

ஈரம் அளக்கும் கருவியைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் இரண்டு ஊசிகளையும் சுவரின் அடியில், தரையை ஒட்டி அழுத்தினாள். பத்து. காய்ந்த சுவர். முழங்கால் உயரத்தில் முப்பது. இடுப்பு உயரத்தில் ஐம்பத்தைந்து. தரையிலிருந்து ஏறும் ஈரம் மேலே போகப் போகக் குறையும். எப்போதும் குறையும். அவள் எழுதிய எல்லா அறிக்கையிலும் குறைந்திருக்கிறது. நெஞ்சு உயரத்தில் எண்பது. தலைக்கு நேராக வைத்தபோது கருவியின் எண்கள் மறைந்து, வெறும் கோடுகள் மின்னின.

அப்போதுதான் மேலே பார்த்தாள்.

சுவரின் மேல்பாதி முழுவதும் பெயின்ட் உப்பியிருந்தது. அவளுக்குப் பழக்கமான காட்சிதான். பெயின்டுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் கோத்துக்கொண்டு, கொப்புளம் மாதிரி தொங்கும். கீழே வாளியை வைத்து, குண்டூசியால் ஒரு ஓட்டை போட்டால் அமைதியாக வடிந்துவிடும். நூறு வீட்டில் செய்திருக்கிறாள். ஆனால் இந்த அளவு பெரிதாக ஒன்றை அவள் பார்த்ததில்லை. ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழுந்ததில், வெளிர்நிறப் பெயின்ட் பால்போல ஒளிர்ந்தது.

உள்ளே ஒரு நிழல் நகர்ந்தது.

விரல் நீளம். வாலை ஆட்டிக்கொண்டு. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது.

எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று.

பையை எடுக்காமல் கதவுக்குப் போனாள். கைப்பிடி திரும்பியது. கதவு வரவில்லை. மரம் ஊதி, சட்டத்தோடு இறுகிப் பிடித்திருந்தது. காலைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. போன் அலறியது. தங்கையின் பெயர். எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்க? வீட்ல இல்லன்னு சொல்லு!"

"கதவு..." என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "கதவு தொறக்கல. திடீர்னு... திடீர்னு வந்துடுச்சுடி."

"லைட்டப் போடாத! சுவரத் தொடாத! அவர் சொல்றார், அது—"

தொடர்பு அறுந்தது.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். முனகல் இப்போது நான்கு சுவர்களிலும். தலைக்கு மேலே சீலிங் மெல்லத் தொங்கியது. பச்சை நாற்றம். குளிர். எதிர்ச் சுவரில் மீன்கள் ஒரே வரிசையாகத் திரும்பின. பதினொரு வாயும் பெயின்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு திறந்தன, மூடின, திறந்தன. அவளைப் பார்த்து.

"போங்க," என்றாள். "போயிடுங்க."

அவை போயின. சட்டென்று, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், நடுவில் இடம் விட்டு. பெரியவர் யாரோ வரும்போது வாசலில் ஒதுங்கி நிற்பவர்களைப்போல.

அந்த இடைவெளி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இருண்டது.

பிறகு சுவர் முழுவதும், ஒரு விரிசல்கூட விழாமல், மெதுவாக அவளை நோக்கி முன்னால் வந்தது.